அவசரம்: குரோஷா ஸ்கர்ட் இடுப்புக்கு ஏறவில்லை, கீழே தொளதொள

கடலோரம்_ஜெ (ஜூலை 13, இரவு 11.42)
எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிக்குக் குரோஷாவில் (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) ஸ்கர்ட் போடுகிறேன். அளவெடுத்துத்தான் ஆரம்பித்தேன். பாதி முடித்துப் போட்டுப் பார்க்கச் சொன்னால் தொடையிலேயே நின்றுவிட்டது, இடுப்புக்கு ஏறவே இல்லை. ஆனால் அதே ஸ்கர்ட் கீழே தொளதொளவென்று தொங்குகிறது. மேலே சின்னது, கீழே பெரியது, எப்படி? 25ஆம் தேதி சந்தியாகப்பர் திருவிழா. அதற்குள் முடிக்க வேண்டும். என்ன தப்பு செய்தேன்? சீக்கிரம் சொல்லுங்கள்.

நூல்பைத்தியம் (ஜூலை 13, இரவு 11.58)
என்ன நூல்? எத்தனை பிளை (புரி)? கொக்கி ஊசி எத்தனை மி.மீ.? மேலிருந்து கீழே போடுகிறீர்களா, கீழிருந்து மேலேயா? சுற்றிச் சுற்றியா, திருப்பித் திருப்பியா? என்ன பின்னல்? ஒன்றுமே சொல்லவில்லையே!

ஊசிமுனை (ஜூலை 14, காலை 6.05)
மாதிரித் துண்டு போடாமல் உடுப்பு ஆரம்பிக்காதீர்கள் என்று இந்தப் பகுதியின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறது. நான் எழுதியதுதான். யாரும் படிப்பதில்லை. 4 அங்குலத்துக்கு 4 அங்குலம் ஒரு துண்டு, அதில் எத்தனை பின்னல் என்று எண்ணுவது, இதற்கு அரை மணி நேரம் ஆகுமா? அதைச் சோம்பல்பட்டுவிட்டுப் பாதி ஸ்கர்ட்டை முடித்தபின் அவசரம் என்றால் என்ன சொல்வது.

தேவிபட்டினம் டெய்லர் (ஜூலை 14, காலை 9.20)
தங்கச்சி, இடுப்பு எவ்வளவு, சீட் (பின்பக்கத்தோடு சேர்த்த சுற்றளவு) எவ்வளவு, இடுப்புக்கும் சீட்டுக்கும் இடையில் உயரம் எவ்வளவு? மூன்றையும் போடுங்கள். அப்புறம் ஒரு கேள்வி. திறப்பு எங்கே வைத்தீர்கள்? துணியோ நூலோ, இடுப்பளவுக்குத் தைத்த வளையம் சீட்டைத் தாண்டி ஏறாது. உள்பாவாடையில் நாடா முடிகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு சாண் பிளவு விட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை.

கடலோரம்_ஜெ (ஜூலை 14, மதியம் 1.15)
மாதிரித் துண்டு போட்டேன் அக்கா. 4 அங்குலத்துக்கு 20 பின்னல் வந்தது. இடுப்பு 30, சீட் 38, நடுவில் 8 அங்குலம். 30ஐ ஐந்தால் பெருக்கி 150 செயின் (ஆரம்பச் சங்கிலிக் கண்ணி). வளையமாகச் சேர்த்து மேலிருந்து கீழே டபுள் குரோஷே. 20 சுற்றில் 190க்குக் கொண்டு வந்தேன். 4 பிளை பருத்தி நூல். திறப்பு வைக்கவில்லை அண்ணே. பருத்திதானே, இழுத்தால் கொடுக்கும் என்று நினைத்தேன்.

தேவிபட்டினம் டெய்லர் (ஜூலை 14, மதியம் 1.31)
பாதி வழக்கு முடிந்தது. 30 அங்குல வளையத்துக்குள் 38 எப்படிப் போகும்? பின்னல் கொடுக்கும், ஆரம்பச் செயின் கொடுக்காது. அது கயிறு மாதிரி. ஆனால் கீழே ஏன் தொளதொள என்பதற்கு இது பதில் இல்லை. அதை யோசிக்க வேண்டும்.

நூல்பைத்தியம் (ஜூலை 14, மாலை 4.44)
எனக்குத் தெரிந்துவிட்டது. அமெரிக்கப் புத்தகத்தில் டபுள் குரோஷே என்பது இங்கிலாந்துப் புத்தகத்தில் ட்ரெபிள். இங்கிலாந்தில் டபுள் என்றால் அமெரிக்காவில் சிங்கிள். நீங்கள் பார்த்த வீடியோ ஒரு நாடு, குறிப்பு இன்னொரு நாடு. நான் இதில் ஒரு குழந்தைச் சட்டையையே இழந்திருக்கிறேன்.

தேவிபட்டினம் டெய்லர் (ஜூலை 14, மாலை 4.50)
அவர் குறிப்பு எதையும் பார்த்துப் போடவில்லையே தம்பி. சொந்த அளவு. துண்டும் அதே பின்னல், ஸ்கர்ட்டும் அதே பின்னல். பெயர் எதுவாக இருந்தால் என்ன.

நூல்பைத்தியம் (ஜூலை 14, மாலை 4.52)
இருந்தாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. (நான் தம்பி இல்லை, தங்கச்சி.)

மண்டபம்_பவளம் (ஜூலை 14, இரவு 8.10)
விளிம்பு அலை அலையாக மடிகிறதா, இல்லை நேராகத்தான் இருக்கிறது, அகலம் மட்டும் கூடுதலா? இது முக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் தேவைக்கு மேல் பின்னல் கூட்டினால் விளிம்புக்கு இடம் போதாமல் சுருள ஆரம்பிக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை 1997இல் இதையே வேண்டுமென்று செய்து, அதிபரவளையத் தளம் என்ற, விளிம்பு சுருண்டு விரியும் வடிவத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி குரோஷாவில் போட்டுக் காட்டினார். அப்புறம் 2005இல் வெர்தைம் என்ற சகோதரிகள் இருவர் அதே உத்தியில் பவளப்பாறையே பின்ன ஆரம்பித்தார்கள். இங்கே மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி இருக்கிற சில பவளங்களும், லெட்டூஸ் கீரையும், கூட்டல் அதிகமான ஸ்கர்ட்டும் ஒரே கணக்குதான்.

கடலோரம்_ஜெ (ஜூலை 14, இரவு 8.33)
அலை இல்லை. நேராகத்தான் இருக்கிறது. சீட்டில் 38 வரவேண்டிய இடத்தில் டேப் 44½ காட்டுகிறது.

ஊசிமுனை (ஜூலை 14, இரவு 9.02)
பவளம் பற்றிப் பேசத் தனிப் பகுதி இருக்கிறது. ஜெ, உங்கள் கை தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். புதியவர்கள் பயத்தில் செயினை இறுக்கிப் போடுவார்கள், பழகப் பழகக் கை இளகும். மேலே இறுக்கம், கீழே தளர்வு. பாடப்புத்தக உதாரணம். அது போக, துண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பீர்கள், ஸ்கர்ட்டைச் சுற்றிலும் ஒரே திசையில். இரண்டுக்கும் கணக்கு ஒன்றாக வராது. இதெல்லாம் அடிப்படை.

கடலோரம்_ஜெ (ஜூலை 14, இரவு 9.10)
துண்டு திருப்பித் திருப்பித்தான் போட்டேன். ஆனால் அதில் ஆறரை அங்குலமா வித்தியாசம் வரும்?

வலைக்கண் (ஜூலை 15, காலை 5.30)
எனக்குக் குரோஷா தெரியாது. பாம்பன்காரன். ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவன். எங்களுக்கும் இப்படி ஆகும். கண் (வலையின் ஓட்டை) ஒரே அளவாக வர ஒரு மூங்கில் துண்டை வைத்து அதன்மேல் நூலைச் சுற்றித்தான் முடிச்சுப் போடுவோம். நடுவில் அந்தத் துண்டு தொலைந்து வேறு துண்டை எடுத்தால், கை அதே கை, நூல் அதே நூல், ஆனால் கண் மாறிவிடும். போட்டவனுக்குத் தெரியாது. விரித்துப் பார்த்தால்தான் தெரியும். வலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஊசிமுனை (ஜூலை 15, காலை 6.10)
வித்தியாசம் இல்லையா? ஐயா, வலை முடிச்சு. குரோஷா கண்ணிக்குள் கண்ணி. நுனியை இழுத்தால் முழு ஸ்கர்ட்டும் நூலாகிவிடும். உங்கள் வலையை இழுத்துப் பாருங்கள், ஒரு கண் பிரியுமா? குரோஷா 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளோடு வந்த கலை. ஆந்திராவில் நர்சாபூர் லேஸ் அப்படி வந்ததுதான். மீன்பிடித் தொழிலைக் கொண்டுவந்து இங்கே ஒட்டாதீர்கள்.

வலைக்கண் (ஜூலை 15, காலை 6.25)
நான் ஒட்டவில்லை. கண் அளவு மாறியதைப் பற்றித்தான் சொன்னேன்.

நூல்பைத்தியம் (ஜூலை 15, காலை 7.40)
மிஷனரி என்றால் நாகர்கோவில் லேஸும் குரோஷாதானே?

ஊசிமுனை (ஜூலை 15, காலை 7.55)
இல்லை. அது தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுவது. கொக்கியே கிடையாது. இதையும் நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

வலைக்கண் (ஜூலை 15, காலை 8.15)
அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் நைலான் கிடையாது, பருத்தி வலைதான். பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துத்தான் கடலுக்கு எடுத்துப் போவார்களாம். பருத்தி நூலைப் பற்றி எங்களுக்கும் நாலு விஷயம் தெரியும்.

ஊசிமுனை (ஜூலை 15, காலை 8.21)
முதலில் நான் உங்களுக்கு அக்கா என்று யார் சொன்னது?

கீழக்கரை ராத்தா (ஜூலை 15, காலை 10.48)
கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பாம்பன் தம்பி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லையே. ஜெ, ஒரே ஒரு கேள்வி. துண்டு போட்ட ஊசியும் இப்போது கையில் இருக்கிற ஊசியும் ஒன்றுதானா?

கடலோரம்_ஜெ (ஜூலை 15, மதியம் 2.20)
இல்லை ராத்தா. முதல் ஊசி 3.5 இரும்பு. எங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கம், உப்புக் காற்றில் கொக்கி முனை துருப்பிடித்து நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. ஆறாவது சுற்றில் இருந்து பெரியம்மாவின் அலுமினிய ஊசி. அதில் எண் தேய்ந்துபோயிருக்கிறது. பார்த்தால் அதே மாதிரிதான் இருந்தது. அது ஒரு விஷயமா என்று எழுதவில்லை.

நூல்பைத்தியம் (ஜூலை 15, மதியம் 2.22)
அம்மாடி.

கீழக்கரை ராத்தா (ஜூலை 15, மதியம் 3.05)
அதுதான் விஷயம் ராசாத்தி. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், ஊசிக்குத் தெரியும். அளவு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தையல் நூல் எடுத்துக்கொள்ளுங்கள், மெல்லிசாக இருக்க வேண்டும். ஊசியின் தண்டில், கொக்கிக்குக் கீழே ஒரே தடிமனாக இருக்கிற இடத்தில், நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். இறுக்கி நெரிக்க வேண்டாம், தொய்வும் வேண்டாம். ஆரம்பமும் முடிவும் மையால் குறித்துப் பிரித்து நீட்டி, ஸ்கேலில் அளந்து பாருங்கள். வரும் மில்லிமீட்டரைப் பத்தால் வகுத்து, அப்புறம் 3.14ஆல் வகுத்தால் ஊசியின் தடிமன். 3.5 என்றால் 11 செ.மீ. பக்கம் வரும்.

கூடவே ஆறாவது சுற்றுக்குக் கீழே 4 அங்குலத்துக்கு எத்தனை பின்னல் என்று எண்ணிச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டைத் தரையில் விரித்து எண்ண வேண்டாம், கொடியில் தொங்கவிட்டு எண்ணுங்கள். உடுப்பு தொங்கத்தான் போகிறது. வெளிக் கொடி வேண்டாம், இப்போது அடிக்கிற காற்றில் அம்மியே பறக்கும்.

கடலோரம்_ஜெ (ஜூலை 15, இரவு 10.30)
நூல் 14.1 செ.மீ. பின்னல் 17.

கீழக்கரை ராத்தா (ஜூலை 15, இரவு 10.41)
141ஐப் பத்தால் வகுத்தால் 14.1, அதை 3.14ஆல் வகுத்தால் 4.5. பெரியம்மா ஊசி 4.5. இப்போது பாருங்கள், 190 பின்னலை 17ஆல் வகுத்து 4ஆல் பெருக்கினால் 44.7 அங்குலம். உங்கள் டேப் 44½ காட்டியது.

தேவிபட்டினம் டெய்லர் (ஜூலை 15, இரவு 10.50)
ராத்தா, கடைக்கு வாங்க. கட்டிங் மாஸ்டர் நாற்காலி காலியாக இருக்கிறது.

ஊசிமுனை (ஜூலை 16, காலை 6.00)
ஊசி மாறியதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். கேள்வி கேட்கிறவர் முழு விவரம் தர வேண்டும் என்பதும் தலைக்குறிப்பில் இருக்கிறது.

கடலோரம்_ஜெ (ஜூலை 16, காலை 9.12)
சரி, இப்போது என்ன செய்வது? ஆறாவது சுற்று வரை பிரித்தால் போதுமா?

நூல்பைத்தியம் (ஜூலை 16, காலை 9.30)
பிரிக்காதீர்கள்! இடுப்பில் அகல எலாஸ்டிக் போட்டுச் சமாளிக்கலாம்.

தேவிபட்டினம் டெய்லர் (ஜூலை 16, காலை 9.41)
30 அங்குலச் செயினுக்குள் எலாஸ்டிக் போட்டால் இன்னும் சுருங்கும், விரியாது. முழுதாகப் பிரிப்பதுதான் வழி. இருபது சுற்றுதானே. நாற்பது இல்லை என்று சந்தோஷப்படுங்கள்.

கீழக்கரை ராத்தா (ஜூலை 16, காலை 11.15)
ஆமாம், பிரியுங்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். சிட்டம் போட்டு (பெரிய வளையமாகச் சுற்றிக் கட்டி) நனைத்து நிழலில் காயவைத்துவிட்டு எடுங்கள், இல்லையென்றால் பின்னல் ஒழுங்காக உட்காராது. இனி முழுக்க 4.5 ஊசிதான், துருப்பிடித்ததைத் தூரப் போடுங்கள். 17 பின்னல் கணக்கில் இடுப்பு 30க்கு 128, சீட் 38க்கு 162. கூட்ட வேண்டியது 34. வரிசைக்கு இரண்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. 17 வரிசையில் சரியாக முடியும். போன வரிசையில் கூட்டிய இடத்துக்கு நேர் கீழே கூட்டாதீர்கள், இரண்டு மூன்று பின்னல் தள்ளிக் கூட்டுங்கள். ஒரே இடத்தில் கூட்டிக்கொண்டே போனால் அங்கே ஒரு மூலை துருத்தும்.

வளையமாகச் சேர்க்காமல் முதல் 7 அங்குலத்தைத் திருப்பித் திருப்பிப் போடுங்கள். அதற்கப்புறம் சேர்த்துச் சுற்றுங்கள், ஆனால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஸ்லிப் ஸ்டிச் (சுற்றை மூடும் சின்னப் பின்னல்) போட்டுத் திருப்பிக்கொண்டே போனால் கணக்கும் மாறாது, பக்கக் கோடும் சாய்ந்து நகராது. மேலே டெய்லர் அண்ணன் சொன்ன பிளவு அதுவாகவே கிடைத்துவிடும். முதல் வரிசைக்குள்ளேயே நூலில் ஒரு நாடா முறுக்கிக் கோத்துவிடுங்கள். செயினை மட்டும் 5 ஊசி கிடைத்தால் அதில் போடுங்கள், கிடைக்காவிட்டால் கையைத் தளர்த்தி.

தேவிபட்டினம் டெய்லர் (ஜூலை 16, காலை 11.32)
பருத்தி என்பதால் ஒன்று. முழு நீளம் போட்டதும் எடை இழுக்கும், இடுப்பில் இருந்து கீழே இறங்கும். நினைத்த நீளத்துக்கு ஒரு அங்குலம் முன்னாலேயே நிறுத்தி, ஒரு இரவு தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுக் கடைசிச் சுற்றைப் போடுங்கள். உள்ளே மெல்லிய லைனிங் வைத்து இடுப்பில் தைத்தால் பாதி எடையை அது தாங்கும். லைனிங் கீழ் ஓரத்தை ஸ்கர்ட்டோடு தைக்க வேண்டாம்.

மண்டபம்_பவளம் (ஜூலை 16, மாலை 5.20)
விளிம்பில் கொஞ்சம் அலை வேண்டுமென்றால் கடைசி மூன்று சுற்றில் ஆறு பின்னலுக்கு ஒன்று கூட்டிப் பாருங்கள். சும்மா சொன்னேன்.

வலைக்கண் (ஜூலை 16, மாலை 6.00)
கண் அளவு என்று நான் சொன்னதும் இதுதான்.

ஊசிமுனை (ஜூலை 16, மாலை 6.14)
நீங்கள் சொன்னது வலை. அதில் அளவு கொடுப்பது முடிச்சுக்கு வெளியே இருக்கும் மூங்கில். இங்கே அளவு கொடுப்பது நூலை இழுக்கும் கொக்கியே. இரண்டும் ஒன்றல்ல.

வலைக்கண் (ஜூலை 16, மாலை 6.20)
மாற்றினால் அளவு மாறும் என்பது ஒன்றுதானே?

ஊசிமுனை (ஜூலை 16, மாலை 6.31)
மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே ஒன்றுதான்.

நூல்பைத்தியம் (ஜூலை 22, இரவு 9.15)
ஜெ, என்ன ஆயிற்று? பிரித்தீர்களா? இன்னும் மூன்று நாள்தான்.

கீழக்கரை ராத்தா (ஜூலை 24, காலை 11.00)
திருவிழா வேலையாக இருக்கும். விடுங்கள்.

கடலோரம்_ஜெ (ஜூலை 29, இரவு 10.05)
மன்னிக்கவும், வர முடியவில்லை. 25க்குள் முடியவில்லை, தங்கச்சி சுடிதாரில் போய்விட்டாள். நேற்றுத்தான் முடித்தேன். சீட்டில் 38¼. ஏறுகிறது, நிற்கிறது. ராத்தாவுக்கும் டெய்லர் அண்ணனுக்கும் வலை அண்ணனுக்கும் நன்றி. பெரியம்மா ஊசியைத் திருப்பிக் கேட்கிறார், 4.5 இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்?

நூல்பைத்தியம் (ஜூலை 29, இரவு 10.11)
போட்டோ எங்கே?

வலைக்கண் (ஜூலை 30, காலை 5.40)
அலுமினியமே வாங்குங்கள் தங்கச்சி. இரும்பு வேண்டாம், நம் ஊர்க் காற்றுக்குத் தாங்காது.

ஊசிமுனை (ஜூலை 30, காலை 6.02)
அலுமினியமும் உப்பில் அரிக்கும். மூங்கில்தான் நல்லது.

வலைக்கண் (ஜூலை 30, காலை 6.04)
மூங்கிலா? சரி அக்கா.