அப்டேட்: 30/99 ஸ்டீஃபன் கரி கார்டுக்கு இரட்டை விலை கொடுக்கலாமா?

போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா, கூடைப்பந்து வீரர் ஸ்டீஃபன் கரியோட படம் போட்ட, 99 மட்டும் அச்சான சேகரிப்பு கார்டு, சீரியல் 30/99 (99-இல் 30-ஆவது), அவர் ஜெர்சி நம்பரும் 30. மற்ற நம்பர்களை விட இரண்டு மடங்கு கேட்கிறார் விற்பவர். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

வாங்கவில்லை. கார்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கீழ் இடது மூலை தேய்ந்து வெள்ளை தெரிகிறது. கார்டின் நிலைக்கு மார்க் போடுகிற கிரேடிங் நிறுவனம் மூலை, விளிம்பு போன்றவற்றைத்தான் பார்க்கும், 30-க்கு மார்க் கிடையாது. விற்பவரோ இதை "1/1", அதாவது உலகத்திலேயே ஒன்றுதான், என்று வேறு போட்டிருக்கிறார்! இதே கார்டு இன்னும் 98 இருக்கிறதே சாமி.

நம்பரால் கார்டே மாறுகிற கதையும் உண்டு. 1997-98 மெட்டல் யூனிவர்ஸ் தொகுப்பின் பிஎம்ஜி (பிரெஷியஸ் மெட்டல் ஜெம்ஸ்) கூடைப்பந்து கார்டுகள் ஒவ்வொரு வீரருக்கும் 100. முதல் 10 பச்சை, மிச்சம் 90 சிவப்பு. அங்கே 10-க்கும் 11-க்கும் நடுவில் விலை எகிறுவதில் நியாயம் இருக்கிறது, கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். மைக்கேல் ஜோர்டனின் ஜெர்சி நம்பரான 23 அங்கே சிவப்பில்தான் வரும்.

ஜெர்சி நம்பரை மட்டும் நம்பினால் கோபி பிரையன்டை என்ன செய்வது? 2006 வரை 8, அப்புறம் 24. லெப்ரான் ஜேம்ஸ் 23, 6, 23, 6, மறுபடி 23!

30/99-க்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருவேன், இரண்டு மடங்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. ஏலத்துக்கு வந்தால் கை தூக்குவேன்.