மனைவி பாளையங்கோட்டையில், ஐ-130 பரிசீலனையில்: வரிப் படிவத்தில் எந்த நிலை போடுவது?

எடிசன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் அமெரிக்கக் குடிமகன், நியூஜெர்சியில் வேலை. 2025 ஆகஸ்ட்ல பாளையங்கோட்டையில கல்யாணம் ஆச்சு. அக்டோபர்ல மனைவியை இங்கே கூட்டி வர ஐ-130 மனு போட்டாச்சு, இன்னும் பதில் இல்லை. அவங்க அங்கே தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல விரிவுரையாளர். மாசம் 45,000 ரூபாய் சம்பளம், பேங்க்ல கொஞ்சம் டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி மூணு லட்சம் போல. அமெரிக்காவுக்கு ஒரு தடவை கூட வந்ததில்லை, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) கிடையாது.

என் சம்பளம் 401கே ஓய்வூதியச் சேமிப்பு போக 96,000 டாலர். சம்பளத்துல வரி பிடிக்க ஆபீஸ்ல கொடுக்கிற டபிள்யூ-4 படிவம் கல்யாணத்துக்கு முன்னாடி கொடுத்தது, அப்படியே இருக்கு.

ஆபீஸ்ல ஒருத்தர், "வரியை ஜாயிண்ட்டா, ரெண்டு பேரும் சேர்ந்து போடலைன்னா இன்டர்வியூவில் கல்யாணமே பொய்யின்னு நினைப்பாங்க"ங்கிறார். இன்னொருத்தர், "எஸ்எஸ்என் இல்லாம ஜாயிண்ட் முடியாது, இந்த வருஷம் சிங்கிள்னே போட்டுரு"ங்கிறார். எது சரி? 2025 வரிக் கணக்குக்குக் கெடு ஏப்ரல் 15 நெருங்குது. விசா விஷயத்துல சின்னப் பிசகு கூட வந்துடக் கூடாதுங்கிறதுதான் என் கவலை.

சார்லட்காரன் எழுதியது:

நாங்க ஜாயிண்ட்தான் போட்டோம், எஸ்எஸ்என் இல்லாமலே. எஸ்எஸ்என் இல்லாதவங்களுக்கு வரித்துறை தர்ற எண்தான் ஐடிஐஎன். மனைவிக்கு அது கேட்டு டபிள்யூ-7 படிவம் நிரப்பி, வருஷ வரிப் படிவமான 1040ஓட சேர்த்து டெக்சஸ் ஆஸ்டின்ல இருக்கிற ஐடிஐஎன் பிரிவுக்குத் தபால்ல அனுப்பணும். இ-ஃபைல் பண்ண முடியாது. 1040ல அவங்க எஸ்எஸ்என் கட்டத்தைக் காலியா விடணும். இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும், அதனால பேப்பர் ஊருக்குப் போய்த் திரும்பி வரும். சீசன் நேரத்துல ஐடிஐஎன் வர 9லிருந்து 11 வாரம் ஆகும்னு வரித்துறை ஐஆர்எஸ்ஸே சொல்லுது. அதுக்கப்புறம்தான் ரீஃபண்ட். ஆனா வரி நல்லாவே குறைஞ்சுது.

கொலம்பஸ் அக்கா எழுதியது:

தம்பி, முதல்ல ஒண்ணு. சிங்கிள் போடவே போடாதீங்க. டிசம்பர் 31 அன்னைக்குச் சட்டப்படி கல்யாணம் ஆகியிருந்தா அந்த வருஷம் முழுக்க நீங்க மணமானவர். கல்யாணம் எந்த ஊர்ல நடந்தது, மனைவி எங்கே இருக்காங்கங்கிறது இதை மாத்தாது. இந்தக் குழப்பம் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். டபிள்யூ-4ல "சிங்கிள் அல்லது மணமாகித் தனித்தனியாகத் தாக்கல்" ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான். 1040ல அது ரெண்டு தனிக் கட்டம். ஐ-130ல ஆகஸ்ட் திருமணச் சான்றிதழ் வெச்சுட்டு, அதே வருஷத்துக்கு வரிப் படிவத்துல சிங்கிள்னு இருந்தா, கேள்வி அங்கேதான் வரும். ரெண்டு அரசாங்கக் காகிதமும் ஒத்துப் போகணும், அவ்வளவுதான். ஜாயிண்ட் இல்லேங்கிறதுக்காக யாரும் கல்யாணத்தைச் சந்தேகப்பட மாட்டாங்க. மனைவி வெளிநாட்டுல, எஸ்எஸ்என் இல்லை, தனித்தனியா தாக்கல்: அதிகாரிகள் தினம் பார்க்கிற விஷயம் இது. ஜாயிண்ட் ரிட்டர்ன் உண்மையிலேயே உதவுற இடம் பின்னாடி வரும். அவங்க வரும்போது கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகலைன்னா நிபந்தனையோட கூடிய கிரீன் கார்டுதான் கிடைக்கும். அந்த நிபந்தனையை நீக்க ஐ-751 போடும்போது ஜாயிண்ட் ரிட்டர்ன் நல்ல ஆதாரம்.

இப்போ பணக் கணக்கு. 2025க்குத் தனித்தனின்னா வரி இல்லாம விடுற நிலையான கழிவு உங்களுக்கு 15,750 டாலர். மீதி 80,250க்கு வரி 12,569 வரும். ஜாயிண்ட்னா கழிவு 31,500. உங்க சம்பளத்தை மட்டும் வெச்சுப் பார்த்தா வரி 7,263.

ஆனா ஜாயிண்ட் சும்மா கிடைக்காது. வரிச் சட்டத்தோட 6013(ஜி) பிரிவின்படி, மனைவியை அந்த வருஷம் முழுக்க அமெரிக்காவில் வசிப்பவரா நடத்தச் சம்மதிக்கிறோம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு அறிக்கையைப் படிவத்தோட இணைக்கணும். அதுல ரெண்டு பேரோட பெயர், முகவரி, எண் இருக்கணும். அது போட்டதும் அவங்களோட உலகம் முழுக்க உள்ள வருமானம் இங்கே கணக்குல வரும். கல்யாணம் ஆகஸ்ட்ல ஆனாலும் ஜனவரி சம்பளத்திலிருந்து வரும். இங்கேதான் காலேஜ் கொடுக்கிற வருஷச் சம்பளச் சான்றான ஃபார்ம் 16ஐ அப்படியே எடுத்துப் போட முடியாது. அது ஏப்ரல் டு மார்ச். நமக்கு வேணும்கிறது ஜனவரி டு டிசம்பர். பன்னிரண்டு சம்பளச் சீட்டையும் வாங்கி வெச்சுக்கோங்க.

5.4 லட்சம்னா ஆறாயிரத்துச் சொச்சம் டாலர். புது வரி முறையில இந்தியாவில அவங்களுக்கு வரியே வந்திருக்காது, தள்ளுபடியில போயிடும். அங்கே கட்டின வரியை இங்கே கழிச்சுக்கிற சலுகை, வரி கட்டாத வருமானத்துக்குக் கிடைக்காது. அதனால உங்களுக்கு உதவுறது 2555 படிவம்தான். பன்னிரண்டு மாசத்துல 330 நாள் வெளிநாட்டுல இருந்தவங்க உழைச்சுச் சம்பாதிச்சதை, 2025க்கு 1,30,000 டாலர் வரைக்கும் விலக்கலாம். டெபாசிட் வட்டி அதுல வராது, அதுக்கு வரி உண்டு. எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் உங்களுக்கு ஐயாயிரம் டாலருக்குக் குறையாம மிச்சம்.

எஸ்ஐபியை மட்டும் அலட்சியமா விடாதீங்க. இந்திய மியூச்சுவல் ஃபண்டை ஐஆர்எஸ் 'பிஎஃப்ஐசி'ன்னு தனி வகையில வெச்சிருக்கு, வித்தா வர்ற லாபத்துக்கு வரி கடுமை. ஜாயிண்ட்ல மொத்த மதிப்பு 50,000 டாலருக்குள்ள இருந்து, விற்பனையோ டிவிடெண்டோ இல்லாட்டி, பொதுவா அதுக்கான 8621 படிவம் வேண்டாம். வெளிநாட்டு நிதிச் சொத்துக்கான 8938 படிவம், மனைவி வெளிநாட்டுல இருக்கிறதால, வருஷக் கடைசியில ஜாயிண்ட்ல 4,00,000 டாலர் தாண்டினா வரும். லாக்கர்ல இருக்கிற நகை அதுல சேராது. கல்யாணம் ஆன புதுசுல இதை எல்லாரும் கேட்பாங்க, அதான் சொல்றேன்.

எடிசன்வாசி எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. ஐயாயிரம் டாலர்னா விட மனசில்லை. ஆனா டபிள்யூ-7க்கு ஒரிஜினல் பாஸ்போர்ட்டை ஆஸ்டினுக்கு அனுப்பணுமாமே? அதுக்குள்ள இன்டர்வியூ வந்துட்டா?

கொலம்பஸ் அக்கா எழுதியது:

அனுப்பாதீங்க. இந்த ஒரு விஷயத்துல நான் பிடிவாதமாவே சொல்வேன். ஒரிஜினல், இல்லேன்னா பாஸ்போர்ட் கொடுத்த அலுவலகமே சான்றளிச்ச நகல், இந்த ரெண்டுதான் ஐஆர்எஸ் ஏத்துக்கும். நோட்டரி முத்திரை போட்ட நகல் செல்லாது. ஒரிஜினல் திரும்பி வர அறுபது நாள் வரைக்கும் ஆகும்கிறாங்க. விசாவுக்காகக் காத்திருக்கிற பொண்ணு பாஸ்போர்ட் கையில இல்லாம உட்கார்ந்திருக்கக் கூடாது. ஐஆர்எஸ் அங்கீகாரம் பெற்ற, சான்றளிக்கிற ஏற்பு முகவர்கள் இருக்காங்க. அவங்களே ஒரிஜினலைப் பார்த்து உறுதி செஞ்சு, கையோட திருப்பிக் கொடுத்துடுவாங்க. நாடு வாரியா பட்டியல் ஐஆர்எஸ் தளத்துலயே இருக்கு.

உங்க நிலைமையில நானா இருந்தா இவ்வளவு அவசரமே படமாட்டேன். ஏப்ரல் 15க்குள்ள மணமாகித் தனித்தனின்னு தாக்கல் பண்ணுங்க, மனைவியோட எண் கேட்கிற இடத்துல 'என்ஆர்ஏ'ன்னு (அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர்னு அர்த்தம்) போடுங்க. உங்க டபிள்யூ-4 சிங்கிள்லயே இருந்ததால பிடித்தம் கிட்டத்தட்ட சரியா இருக்கும், கையிலிருந்து பெருசா கட்ட வேண்டியிருக்காது. அவங்க வந்து எஸ்எஸ்என் கைக்கு வந்ததும் 1040-எக்ஸ் திருத்தப் படிவத்துல 2025ஐ ஜாயிண்ட்டா திருத்துங்க, 6013(ஜி) அறிக்கையையும் அப்போ இணைக்கலாம். தனித்தனியிலிருந்து ஜாயிண்ட்டுக்கு மாற மூணு வருஷம் அவகாசம் உண்டு, உங்களுக்கு 2029 ஏப்ரல் 15 வரைக்கும். ஜாயிண்ட் போட்டுட்டு, கெடு தேதி தாண்டின பிறகு தனித்தனிக்கு மாறத்தான் முடியாது. ஐடிஐஎன்னே வேண்டியிருக்காது, பாஸ்போர்ட்டும் வீட்டிலேயே இருக்கும்.

அந்த 6013(ஜி) தேர்வு ஒரு தடவை போட்டா அடுத்தடுத்த வருஷங்களுக்கும் தொடரும். நடுவுல 2026க்கும் தாக்கல் பண்ணியிருந்தா அதையும் சேர்த்துத் திருத்தணும். ஒரு முறை விலக்கிக்கிட்டா நீங்க ரெண்டு பேரும் மறுபடி அதைக் கேட்க முடியாது. அவங்க எஸ்ஐபியை 2026ல விக்கிறதா இருந்தா, அதுக்கு முன்னாடி என்கிட்டயோ உங்க கணக்காளர்கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மும்பை போய் வந்தவள் எழுதியது:

நான் விசாவுக்காகக் காத்திருந்த மனைவியின் பக்கம் இருந்தவள், அதனால் இன்டர்வியூ பற்றி மட்டும் சொல்கிறேன். என் கணவர் இரண்டு வருஷமும் தனித்தனியாகத்தான் தாக்கல் செய்திருந்தார். மும்பைத் துணைத்தூதரகத்தில் அதைப் பற்றி ஒரு கேள்வி கூட வரவில்லை. எங்கே சந்தித்தோம், அவர் எத்தனை முறை ஊருக்கு வந்தார், கல்யாணத்தில் அவர் பக்கத்திலிருந்து யார் யார் வந்தார்கள், இவைதான் கேட்டார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கல்யாண ஆல்பத்தில் என் மாமியாரைக் காட்டச் சொன்னார்.

வரி வேண்டியிருப்பது ஐ-864 உறுதிமொழிப் பத்திரத்துக்கு. கடைசி வருஷத்தின் ஐஆர்எஸ் டிரான்ஸ்கிரிப்ட் (வரிக் கணக்குப் பதிவு) அல்லது வரிப் படிவ நகல் கட்டாயம், டிரான்ஸ்கிரிப்டை உங்கள் ஐஆர்எஸ் கணக்கில் நுழைந்து இலவசமாக எடுக்கலாம். இரண்டு பேருக்கு 2025 அளவுப்படி 26,437 டாலர் வருமானம் போதுமாக இருந்தது, உங்களுக்குக் கவலையே இல்லை. ஜாயிண்ட்டாகத் தாக்கல் செய்திருந்தால் உங்கள் வருஷச் சம்பளச் சான்றான டபிள்யூ-2வும் சேர்த்து வையுங்கள். மொத்தத்தில் எவ்வளவு உங்களுடையது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எடிசன்வாசி எழுதியது:

இப்போதான் நிம்மதி. தனித்தனியா போட்டுட்டு, அவங்க வந்ததும் திருத்துறேன். மனைவிகிட்ட ஜனவரியிலிருந்து சம்பளச் சீட்டு எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். கடைசியா ஒண்ணு: எஸ்எஸ்என்னுக்குத் தனியா அலையணுமா?

கொலம்பஸ் அக்கா எழுதியது:

டிஎஸ்-260 விசா விண்ணப்பத்துலயே எஸ்எஸ்என் அட்டை வேணுமான்னு ஒரு கேள்வி வரும். ஆமான்னு போட்டு, தகவல் பகிரச் சம்மதம்ங்கிற அடுத்த கேள்விக்கும் ஆமான்னு போடச் சொல்லுங்க. அவங்க வந்து மூணு வாரம் போல உங்க எடிசன் முகவரிக்கே அட்டை வந்துடும், அதனால விண்ணப்பத்துல அபார்ட்மெண்ட் எண் விடுபடாம பார்த்துக்கோங்க. வரலைன்னா விசா முத்திரை உள்ள பாஸ்போர்ட்டோட பக்கத்து சோஷியல் செக்யூரிட்டி ஆபீசுக்குப் போங்க.