கழித்துச் சொல்லும் எண்ணுப்பெயருக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

முதுகலை மொழியியல் பாடநூலின் எண்ணுப்பெயர் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லத்தீனில் 18ஐ ‘டுவோதேவிகிந்தி’, அதாவது இரண்டு குறைந்த இருபது, என்பர். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் 16 என்பது நான்கு குறைந்த இருபது. இந்தியிலோ உன்னீஸ், உன்தீஸ் என 19 முதல் 79 வரை ஒன்பதில் முடியும் எண்களை அடுத்த பத்திலிருந்து ஒன்று குறைத்தே சொல்லிவிட்டு, 89, 99 ஆகியவற்றில் மட்டும் கூட்டலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இவற்றுக்குக் ‘குறையெண்’ என்று இட்டிருந்தேன். பள்ளிக் கணக்கில் ‘குறை முழுக்கள்’ சுழியத்துக்குக் கீழுள்ளவை ஆதலால் மேலாய்வாளர் மறுக்கிறார். மாற்றுச் சொல் தேவை.

———

ஐயா,

மேலாய்வாளரின் மறுப்பு நியாயமானதே. நேற்று ஒருவர் முன்வைத்த ‘ஊனவெண்’, 19ஐ ‘ஒன்று குறைந்த இருபது’ என்னும் வடசொல்லான ‘ஏகோனவிம்சதி’யில் குறைவைச் சுட்டும் ‘ஊன’த்தை அப்படியே ஏந்தி வருகிறது, மாணவர் காதில் அது உடற்குறையாகவே விழும். ‘கழிப்பெண்’ வகுப்பறையில் என்ன பாடுபடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ‘குறைத்தெண் பெயர்’ என்று வைக்கலாம். எண் குறையுடையது என்னாமல், குறைத்து எண்ணும் செயலை அது சுட்டுகிறது.

இவ்வியலில் டேனிய மொழியையும் பின்லாந்தின் பின்னிய மொழியையும் சேர்த்திருப்பதே என் கவலை. டேனியத்தில் 50 என்பது ‘ஹால்த்ரெஸ்’, விரித்தால் மூன்றாவதில் பாதி வரையிலான இருபதுகள், அதாவது இரண்டரை இருபது. பின்னியத்தில் 11 ‘இரண்டாம் பத்தில் ஒன்று’. இவை எதையும் கழிக்கவில்லை. வரப்போகும் தொகுதிக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தோம் என்று சொல்கின்றன. இவற்றுக்கு ‘முன்னோக்கு எண்பெயர்’ என்று தனிப்பெயர் வேண்டும்.

தொண்ணூற்றைப் பற்றியும் ஒரு சொல். ஒன்பதும் பத்தும் புணர்ந்தே தொண்ணூறு ஆனது என்பது தொல்காப்பியம். பரிபாடலில் ஒன்பதைக் குறிக்கும் ‘தொண்டு’ நூற்றோடு சேர்ந்தது என்பாரும், ‘தொள்’ குறைவைக் குறிக்கும் என்பாரும் உண்டு. குறைவு என்றே கொண்டாலும் எவ்வளவு குறைவு என்று அச்சொல் சொல்லவில்லையாதலால் அதை இவ்வகைக்குச் சான்றாக்க வேண்டாம். முழுமைக்கு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, குறைந்ததையும் ‘முக்காலே மூன்று வீசம்’ என்று கூட்டியே சொன்ன ஊர் நம்முடையது.

———

‘குறைத்தெண் பெயர்’ என்பதை ‘எண்’ணில் பிரிப்பதா ‘எண்பெயர்’ எனச் சேர்ப்பதா என்று மாணவர் தடுமாறுவர். ‘கழித்தல்வழி எண்ணுப்பெயர்’ நீளமானாலும் உரையின்றிப் புரியும். பெரும்பாலோர் முன்னதையே ஏற்றுவிட்டதால் அச்சை நிறுத்தச் சொல்லவில்லை; சொல்லடைவில் என் சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.