அயர்ன் மெய்டன்: 2000-க்குப் பிறகு வந்த ஆல்பங்களுக்குக் கத்திரி போட ஆள் இல்லையா?

பெரம்பூர்_பேஸ்:
நேற்று, பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழு மெய்டனின் செஞ்சுட்சு (2021) ஆல்பத்தை மறுபடி முழுசாகக் கேட்டேன். 82 நிமிடம். கடைசி மூன்று பாட்டும் பேஸ் கிட்டார் வாசிக்கும் தலைவர் ஸ்டீவ் ஹாரிஸ் தனியாக எழுதியவை, மூன்றும் பத்து நிமிடத்தைத் தாண்டுகின்றன. மூன்றும் மெதுவாக ஆரம்பித்து, டிரம்ஸ் விழுந்து, மூன்று கிட்டாரும் ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு போகின்றன. எது எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. 1982-ல் இதே குழுவினர் 40 நிமிடத்தில், எட்டே பாட்டில் நம்பர் ஆஃப் தி பீஸ்ட் ஆல்பத்தைக் கொடுத்தார்கள்.

பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தும் 1999-ல் திரும்பி வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். பிரேவ் நியூ வேர்ல்டில் (2000) குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றிலும் பாதிதான் தேறும். தயாரிப்பில் கெவின் ஷர்லியோடு ஹாரிஸ் பெயரும் இருக்கிறது. தன் பாட்டைத் தானே வெட்டிக்கொள்வாரா மனுஷன்?

எடி_தாசன்:
பேஸ் அண்ணா, நீளம் என்ன புதுசா? 1984-ல் பவர்ஸ்லேவில் வந்த ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினரே பதின்மூன்றரை நிமிடத்துக்கு மேல். அதை மட்டும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம். பழசு என்றால் காவியம், புதுசு என்றால் இழுவையா?

பெரம்பூர்_பேஸ்:
தம்பி, அந்தப் பாட்டின் நடுவில் என்ன நடக்கிறது என்று ஹெட்போன் போட்டுக் கேள். எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் நிற்கும். கப்பல் மரம் கிறீச்சிடும். ஒரு குரல், பாட்டுக்கு மூலமான கவிதையை எழுதிய கோல்ரிட்ஜின் வரிகளைப் படிக்கும். அதற்குப் பிறகு புரூஸ் மெல்ல ஏறி வந்து ஒரு கத்து கத்துவார் பார். கதை நகர்கிறது, பாட்டும் கூடவே நகர்கிறது. செஞ்சுட்சுவின் தி பார்ச்மென்டில் பன்னிரண்டரை நிமிடம் எங்கே நகர்ந்தது, சொல்லு.

மயிலை_மெட்டல்:
நான் பேஸ் சார் கட்சி. எங்கள் பக்கம் மார்கழியில் சபாவுக்குப் போனால் ஒரே வரியை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நிரவல் பாடுவார்கள், அலுக்காது. ஒவ்வொரு தடவையும் அந்த வரி வேறு உருவத்தில் வரும். ஹாரிஸ் அதே வரியை அதே உருவத்தில் எட்டு தடவை வைக்கிறார். இந்த வியாதி 2000-க்குப் பிறகு வந்ததும் இல்லை. பிளேஸ் பெய்லி பாடகராக இருந்த காலத்து விர்ச்சுவல் லெவனில் (1998) தி ஏஞ்சல் அண்ட் தி கேம்ப்ளர் கேட்டவர்களுக்குத் தெரியும். நான் அந்தப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்ததே இல்லை.

எடி_தாசன்:
நிரவல் உதாரணம் நல்லாத்தான் இருக்கு சார், ஆனா நீங்கள் பாடகரை மட்டும் கேட்கிறீர்கள். வரி திரும்பும்போது அடியில் கிட்டார் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத் (2006) முழுக்க அந்த வேலைதான் நடக்கிறது. மாஸ்டரிங்கே (கடைசி ஒலி மெருகு) வேண்டாம் என்று விட்டதால் டிரம்ஸ் அறைக்குள் வாசிக்கிற மாதிரியே இருக்கும். அந்த டூரில் ஆல்பம் மொத்தத்தையும் வரிசையாக மேடையில் வாசித்தார்கள். சந்தேகம் இருந்தால் செய்வார்களா? என்னைக் கேட்டால் பழைய பீஸ் ஆஃப் மைண்ட் ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைப்பேன்.

ஓஎம்ஆர்_ரிஃப்:
அந்த டூரின் வால்தான் 2007 மார்ச்சில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். சென்ட்ரலில் ரயில் ஏறும்போதே பெட்டி பூரா கருப்பு டி-ஷர்ட். நம்ம ஊருக்கு வரவே மாட்டேன் என்கிறார்களே, அது தனி வயிற்றெரிச்சல். புது ஆல்பத்துப் பாட்டு வந்தபோது என் பக்கத்தில் நின்றவன் தண்ணீர் வாங்கப் போனான். பழைய பாட்டு ஃபியர் ஆஃப் தி டார்க் ஆரம்பித்ததும் என் தோள் மேலேயே ஏறிவிட்டான். கூட்டத்தின் தீர்ப்பு அவ்வளவுதான்.

எடி_தாசன்:
கூட்டம் தீர்ப்பு சொல்லுமா ப்ரோ? அப்புறம் 18 நிமிட எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸை என்ன செய்வீர்கள்? புரூஸ் பியானோவில் உட்கார்ந்து தனியாக எழுதினது. 1930-ல் இந்தியாவுக்குக் கிளம்பி, பிரான்ஸில் விழுந்து எரிந்த ஆர்101 ஆகாயக் கப்பலின் கதை. 48 பேர் செத்தார்கள். அது போக வேண்டிய இடம் கராச்சி, அன்றைக்கு நம்ம நாடுதான். நாக்கில் புற்றுநோய் என்று தெரியாமலே புரூஸ் அந்தப் பாட்டு இருக்கிற தி புக் ஆஃப் சோல்ஸ் (2015) முழுக்கப் பாடி முடித்தார். அதையும் பாதிதான் தேறும் என்பீர்களா?

பெரம்பூர்_பேஸ்:
புரூஸ் குரலை நான் எங்கேயாவது குறை சொன்னேனா? எம்பயர் எனக்கும் பிடிக்கும். அது புரூஸ் எழுதியது, ஹாரிஸ் எழுதியது இல்லை என்பதையும் கவனி. மொத்த ஆல்பம் 92 நிமிடம், இரண்டு சிடி. தி ரெட் அண்ட் தி பிளாக், தி மேன் ஆஃப் சாரோஸ் இரண்டையும் தூக்கு. 72 நிமிடம், ஒரே சிடியில் அடங்கிவிடும். நான் போனில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மயிலை_மெட்டல்:
மேன் ஆஃப் சாரோஸ் போகட்டும். ரெட் அண்ட் தி பிளாக்கைத் தூக்கினால் அந்த ஓ-ஓ-ஓ போய்விடுமே சார். என் பையன் பாத்ரூமில் பாடுகிற ஒரே மெய்டன் பாட்டு அது.

எடி_தாசன்:
மயிலை சார் நம்ம கட்சிக்கு வந்துட்டார் 🤘

மயிலை_மெட்டல்:
யோவ், ஒரு பாட்டுக்குத்தான். செஞ்சுட்சு விஷயத்தில் நான் அசையறதா இல்லை.