புதுப்பிப்பு: அப்பாவின் ஹண்டர் அரும்பொருளகத்துக்குப் போய்விட்டது

அப்பா மரத்தில் செதுக்கிய ஹாக்கர் ஹண்டர் போர்விமானத்தை எங்கே கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. சிங்கப்பூரில் பாய லேபாரில் உள்ள ஆகாயப்படை அரும்பொருளகம் அதை வாங்கிக்கொண்டது.

முதலில் படங்களும் அளவுகளும் அனுப்பினேன். மரத்தில் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்புறம் உரிமையை மாற்றித்தரும் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். எப்போதும் காட்சியில் இருக்கும் என்று உறுதி தர முடியாது என்றார்கள். சரி, பத்திரமாக இருந்தாலே எங்களுக்குப் போதும்.

அப்பா தெங்கா ஆகாயப்படைத் தளத்தில் ஹண்டர்களைப் பழுதுபார்த்தவர். 1970இல் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கிய அந்த விமானங்கள் 1992 வரை பறந்தன. மூக்குக்கு அடியில் இரண்டு புடைப்புகள் இருக்கும். பீரங்கி சுடும்போது குண்டுகளைக் கோத்திருக்கும் உலோகக் கண்ணிகள் அதற்குள் விழும். அப்பா அதைக்கூட விடாமல் உளியால் இழைத்திருக்கிறார். வாங்கிக்கொண்ட அதிகாரி நேரே அங்கேதான் விரலை வைத்தார். “இது விமானத்தின் அடியில் படுத்து வேலை பார்த்தவர் கை” என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், செய்தவர் யார், என்ன வேலை பார்த்தார், எந்த ஆண்டு செய்தார் என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் அதைத்தான் அதிகம் கேட்டார்கள்.