பஸ் நிலையத்தில் பார்த்த சொல்

தங்கச்சி: அத்தை, சாதாரண தரப் பரீட்சைக்காக நாள்தோறும் 20 ஆங்கிலச் சொற்களை மனனம் செய்கிறேன், ஆனால் அடுத்த வாரம் அவற்றில் பாதிகூட நினைவில் நிற்பதில்லை. வேறு வழி உண்டா?

அத்தை (அட்டன்): உண்டு, மகள். இன்று பஸ் நிலைய விளம்பரங்களில் பார்த்த சொல் ஒன்றைச் சொல்.

தங்கச்சி: பற்பசை விளம்பரத்தில் ‘கேவிட்டி’ என்று இருந்தது. பற்சொத்தை என்று கொப்பியில் எழுதிவைத்தேன்.

அத்தை (அட்டன்): பொருள் சரி. அதன் வேர், குழிவைக் குறிக்கும் ‘கவுஸ்’ என்ற இலத்தீன் சொல். குகையாகிய ‘கேவ்’, விஞ்ஞானப் பாடத்தில் குழிவாடிக்குச் சொல்லும் ‘கொன்கேவ்’, மண்சரிவு ஏற்பட்டால் நம் வீதிக்கு வரும் ‘எக்ஸ்கவேட்டர்’ ஆகிய எல்லாம் அந்த வேரில் பிறந்தவை. ‘எக்ஸ்’ என்றால் வெளியே. குழிதோண்டி மண்ணை வெளியே எடுப்பதால் அந்தப் பெயர்.

அப்பா: அக்கா, தொழிற்சாலையில் இத்தனை வருடம் தேயிலைப் பெட்டிகளில் ‘பீகோ’ என்று பார்த்திருக்கிறேன். அதற்கும் பொருள் உண்டா?

அத்தை (அட்டன்): உண்டு, தம்பி. சீனாவின் ஹொக்கியன் வழக்கில் அது வெண்ணிற நுண்மயிர். இளங்கொழுந்தின் மொட்டில் நீ தினமும் பார்ப்பதுதான். ‘டீ’ என்பதும் அவ்வழக்கின் ‘தே’யிலிருந்து வந்ததே, நம் ‘தேயிலை’யின் முன்பாதியும் அதுதான்.

தங்கச்சி: பால்மாப் பைக்கற்றில் உள்ள ‘விட்டமின்’?

அத்தை (அட்டன்): எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. போலந்தில் பிறந்த காசிமிர் ஃபங்க் என்ற விஞ்ஞானி, உயிர் எனப் பொருள்படும் ‘வீட்டா’ என்ற இலத்தீன் சொல்லுடன் ‘அமைன்’ என்ற இரசாயனப் பெயரைச் சேர்த்து, 1912இல் அதை உருவாக்கினார். அத்தகைய பொருட்களில் சில அமைன் அல்ல என்று தெரிந்ததால், 1920இல் ஆங்கில எழுத்துக்கூட்டலின் கடைசியிலிருந்த ‘ஈ’ நீக்கப்பட்டது. அரிசித் தவிட்டில் அவர் தேடியது பெரிபெரி நோயைக் குணப்படுத்தும் பொருளை. அந்த நோயின் பெயரோ, ‘இயலாது’ என்பதை இரட்டித்துச் சொல்லும் சிங்களச் சொல்லாக நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது என்பர்.

ஒன்றை மறந்துவிடாதே: விளம்பரங்களில் கவர்ச்சிக்காக எழுத்துகளைக் குறைத்தும் மாற்றியும் எழுதுவார்கள். ஆகவே சொல்லை அங்கிருந்து எடுத்தாலும் எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்தே எழுது.

தங்கச்சி: அப்படியானால், காப்புறுதி விளம்பரத்தில் வரும் ‘வைட்டல்’ என்பதும் ‘வீட்டா’விலிருந்து வந்ததா, அத்தை?

அத்தை (அட்டன்): ஆம், மகள். இதை நான் சொல்லித்தரவில்லை, நீயே கண்டுபிடித்தாய்.