நேர்காணலில் முதலிடம், பணியிடமோ காலி: வழக்குத் தொடரலாமா?

சாட்ஸ்வொர்த் தந்தை

என் மகள் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் ஒரு மாகாண அரசுத் துறையில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். துணை இயக்குநர் பதவிக்கு விளம்பரம் வந்தது, விண்ணப்பித்தாள். நேர்காணலில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பிறகு வந்த கடிதத்தில் இரண்டே வரிகள்: அந்தப் படிநிலையில் இந்தியப் பெண்களுக்கான இலக்கு நிறைவடைந்துவிட்டது; பதவி மறுபடியும் விளம்பரம் செய்யப்படும். இலக்கு எத்தனை என்று கேட்டாள். சுழியம் என்றார்கள். சுழியம் எப்படி ஐயா நிறைவடையும்?

1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 'கறுப்பின மக்கள்' என்று சொல்லும்போது ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் மூவரையும் சேர்த்தே சொல்கிறது. பெண்களையும் தனியாகச் சேர்க்கிறது. அப்படியானால் என் மகள் இரண்டு வகையிலும் அந்தச் சட்டத்தின் பயனாளி. அவளைத் தூக்கிவிட வந்த சட்டமே அவளைத் தடுக்கிறது. இந்த ஏற்பாடு முழுவதையும் நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டும் என்கிறேன். நம்மவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

பீனிக்ஸ் தொழிற்சங்கத்தார்

அண்ணா, உங்கள் மகளுக்கு நேர்ந்தது எனக்கும் வலிக்கிறது. ஆனால் 'முழுவதையும் இழுக்க வேண்டும்' என்கிறீர்களே, அந்த இடத்தில் நான் எதிர்த்து நிற்பேன்.

இந்த நாட்டில் வேலை ஒதுக்கீடு என்ற சொல் யாருக்காகப் பிறந்தது? 1926இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, திறன் வேலைக்கான சான்றிதழ் ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் கிடையாது என்றார்கள். 1956ஆம் ஆண்டுத் தொழில் சமரசச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, எந்த வேலை எந்த இனத்துக்கு என்று அமைச்சரே ஒதுக்கலாம் என்றது. வெள்ளையருக்கான ஒதுக்கீடு அது. அதன் கணக்கை யாராவது தீர்த்தாக வேண்டும்.

நாமும் மிதிபட்டோம், மறுக்கவில்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிக் கரும்பு வெட்டியவர்களின் கொள்ளுப்பேரன் நான். ஆனாலும் 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் இந்தியருக்கென்று ஒரு கல்லூரியைத் திறந்தார்கள். ஒதுக்குப்புறக் கல்லூரிதான், அவமானம்தான், ஆனாலும் கல்லூரி. என் அண்ணன் அங்கே படித்துத்தான் ஆசிரியரானார். எங்கள் வீட்டில் வேலை செய்த சூலு அம்மாவின் பிள்ளைகள் படித்த பள்ளியில் கூரை பாதிதான் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று அதே துணை இயக்குநர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார்கள். இதையும் நாம் பார்க்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த் தந்தை

தம்பி, வரலாறு எனக்கும் தெரியும். இனவாரியாக வசிப்பிடம் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தில் வீட்டை இழந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இனவெறி ஆட்சி முடிந்த 1994இல் என் மகள் மூன்று வயதுக் குழந்தை. எந்தக் கணக்கை அவள் தலையில் எழுதுகிறீர்கள்?

ஜோகன்னஸ்பர்க் மதுரைக்காரன்

நான் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. குடியுரிமை இல்லாததால் இந்தச் சட்டம் தரும் முன்னுரிமை எனக்குப் பொருந்தாது. ஆனால் தமிழ்நாட்டில் அரசுத் தேர்வு எழுதியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அங்கே 69 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதி திராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1. இதில் பழங்குடியினரின் 1 விழுக்காட்டைக் கவனியுங்கள். ஓர் அலுவலகம் ஆண்டுக்கு ஐந்து பேரைத்தான் எடுக்கிறது என்றால் ஐந்தில் 1 விழுக்காடு 0.05. அதை முழு எண்ணாக்கினால் அவர்களுக்குக் காலத்துக்கும் சுழியம்தான். அதனால்தான் இனச்சுழற்சி என்ற முறை வந்தது. 200 இடங்கள் கொண்ட ஒரு வரிசை. அதில் 2 இடங்கள் பழங்குடியினருக்கு. இந்த ஆண்டு ஐந்தாவது இடத்தில் நின்றால் அடுத்த ஆண்டு ஆறாவதில் தொடங்கும். பின்னம் செத்துப்போவதில்லை, முறைக்காகக் காத்திருக்கிறது. உரியவர் கிடைக்காவிட்டால் அது பின்னடைவுப் பணியிடமாக அடுத்த தேர்வுக்குப் போகிறது.

உங்கள் மகளுக்கு அநீதி செய்தது ஒதுக்கீடு அன்று ஐயா, அந்தச் சுழியம்தான்.

பீனிக்ஸ் தொழிற்சங்கத்தார்

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தியாவின் முறையை அப்படியே இங்கே நடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். இனச்சுழற்சிக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். இன்னார் இன்ன பிரிவு என்று அரசு முத்திரை குத்த வேண்டும். இங்கே அந்த முத்திரைக்குப் பெயர் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம். 1950இல் வந்தது, ஒரே வீட்டில் அண்ணனை ஓர் இனமாகவும் தம்பியை இன்னோர் இனமாகவும் பிரித்தது, 1991இல்தான் ஒழிந்தது. இன்று வேலையில் சேருபவர் தானே ஒரு படிவத்தில் தன் இனத்தை அறிவிக்கிறார், அவ்வளவுதான். ஐந்தாவது நாற்காலி இந்தியருக்கு, ஆறாவது சூலுவுக்கு என்று சட்டம் எண் போட ஆரம்பித்தால், அந்த எண்ணுக்குச் சான்று கேட்கும் அதிகாரி மறுபடியும் வந்து உட்காருவார். அதை நான் என் ஆயுளில் இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை.

வழக்குகளும் அங்கே குறைவில்லை. 1951 சென்னை முன்சீப் வழக்கை நினைவுபடுத்துங்கள்.

ஜோகன்னஸ்பர்க் மதுரைக்காரன்

உண்மைதான் அண்ணா. மாவட்ட முன்சீப் பணியிடங்கள் 83. அரிசனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவர்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11 என்று எல்லா இடங்களையும் பங்கு வைத்திருந்தார்கள். அரிசனங்களுக்கும் பிற்பட்டோருக்கும் ஒதுக்கியதை மட்டும் உச்ச நீதிமன்றம் ஏற்றது; மற்றப் பங்கீடு செல்லாது என்றது. அதன் பிறகும் ஓயவில்லை. 1992இல் மண்டல் தீர்ப்பு 50 விழுக்காட்டு உச்சவரம்பு விதித்தது. தமிழ்நாடு தன் 69ஐக் காக்கத் தனிச்சட்டம் இயற்றி அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2020இல் உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வு வழக்கில், பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண் பொதுப்பிரிவுப் பெண்ணைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்தால் அவரைப் பொதுப்பிரிவிலேயே வைக்க வேண்டும் என்று சொல்லவே உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

வழக்கில் பட்டியல் சிக்கினால் என்ன ஆகும் என்பதை என் அக்காவைக் கேட்க வேண்டும். தேர்வில் தேறி, நீதிமன்றத் தடையால் நான்கு ஆண்டுகள் நியமனம் இல்லாமல் வீட்டில் இருந்தாள். அவள் வழக்குப் போட்டவளும் அல்லள், எதிர்த்தவளும் அல்லள். எனவே 'முழுவதையும் இழுப்போம்' என்ற பேச்சு எனக்கும் அச்சம் தருகிறது. காத்திருப்பவர்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகம்.

டோங்காட் ஆசிரியை

ஒரு சிறு கேள்வி. தேர்வுக் குழு முதல் மதிப்பெண் கொடுத்தவரை விட்டார்கள், இரண்டாமவரையாவது எடுத்தார்களா? கடிதத்தின்படி எவரையும் எடுக்கவில்லை. அந்த நாற்காலி காலியாக இருப்பதால் எந்த ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அந்த அலுவலகத்துக்கு மனுவோடு போகும் பொதுமக்களுக்கு என்ன கிடைத்தது?

வெருலம் சட்ட எழுத்தர்

தொழிலாளர் வழக்குகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் 16 ஆண்டுகளாக இருக்கிறேன். இருவர் சொல்வதிலும் திருத்தம் தேவைப்படுகிறது.

முதலில் டோங்காட் தங்கைக்கு. காலியாக விடுவது மட்டுமே சட்ட விரோதம் ஆகாது. பார்னார்ட் வழக்கு அதைத்தான் காட்டியது. காவல்துறையில் இருந்த வெள்ளையினப் பெண் அதிகாரி 2005இலும் 2006இலும் ஒரே பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார், இரண்டு முறையும் முதலிடம், இரண்டு முறையும் நியமனம் இல்லை, கடைசியில் பதவியே திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வென்றார், தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார், 2014 செப்டம்பரில் எல்லாவற்றுக்கும் மேலான அரசியல் சாசன நீதிமன்றத்தில் தோற்றார். ஒன்பது ஆண்டுகள். சாட்ஸ்வொர்த் ஐயா, 'சட்டமே தவறு' என்று போனால் இந்தச் சுவரில்தான் மோதுவீர்கள். சாசனத்தின் 9(2) பிரிவு, பின்தள்ளப்பட்டோரை உயர்த்தும் நடவடிக்கைகளைச் சமத்துவத்தின் பகுதியாகவே ஏற்கிறது.

இப்போது பீனிக்ஸ் அண்ணாவுக்கு. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 15(3) பிரிவு எண் இலக்குகளை அனுமதிக்கிறது, கோட்டாவை, அதாவது விலக்கே இல்லாத கட்டாய எண்ணிக்கையை, அனுமதிக்கவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்பதை அரசியல் சாசன நீதிமன்றம் விளக்கியது 2016 ஜூலையில், மேற்குக் கேப் சிறைத்துறை ஊழியர்களின் வழக்கில். அவர்களில் பெரும்பாலோர் கலப்பினத்தார். 'நாங்களும் பாதுகாக்கப்பட்ட பிரிவினர், எங்களை எப்படி ஒதுக்கலாம்' என்று சாட்ஸ்வொர்த் ஐயா தம் மகளுக்காகக் கேட்கும் கேள்வியையே கேட்டார்கள். அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை: பாதுகாக்கப்பட்ட பிரிவாக இருந்தாலும் ஒரு படிநிலையில் கூடுதலாக இருந்தால் மறுக்கலாம் என்றது. துறையின் சமத்துவத் திட்டத்தில் (எந்தப் படிநிலையில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்ற இலக்குகளை வைக்கும் ஆவணம் அது) விலக்கு அளிக்க வழி இருந்ததால் அது கோட்டாவும் அன்று என்றது. ஆனாலும் ஊழியர்களில் பெரும்பாலோர் வென்றார்கள். ஏன்? துறை நாடளாவிய மக்கள்தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தது. வட்டார மக்கள்தொகையையும் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னதை விட்டுவிட்டது. நாற்காலி காலியாக இருந்தவர்களுக்கு அதிலேயே நியமனம், நிரம்பியிருந்தால் அந்தப் பதவிக்குரிய சம்பளமும் சலுகைகளும் என்று தீர்ப்பாயிற்று.

2011 கணக்கெடுப்பின்படி நாடளவில் இந்தியர் 2.5 விழுக்காடு. குவாசூலு-நட்டாலில் 7.4. மதுரைத் தம்பி சொன்ன சுழியம் எங்கே பிறக்கிறது என்று தெரிகிறதா?

இதே சுழியம் ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. காவல்துறையில் 19 உயர் பணியிடங்கள், அதில் 2.5 விழுக்காடு என்றால் அரை ஆள்கூட இல்லை. ஆண்களுக்கு 70, பெண்களுக்கு 30 என்று பிரித்தபோது இந்தியப் பெண்ணின் பங்கு ஒன்றில் ஒரு துணுக்கு. அதைச் சுழியமாக்கி ஒரு பெண் அதிகாரிக்குப் பதவி உயர்வை மறுத்தார்கள். 2013இல் தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அது பார்னார்ட் தீர்ப்புக்கு முந்தையது, ஆகவே அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது. 2016 தீர்ப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பீனிக்ஸ் தொழிற்சங்கத்தார்

வட்டாரக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அதையும் கடைசிவரை போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மாகாணத் துறையில் ஏற்கெனவே மேல்நிலைகளில் இந்தியர் 7.4ஐத் தாண்டி இருக்கிறார்கள் என்றால்? டர்பன் அலுவலகங்களில் அப்படியும் உண்டு, கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது அதே எண் நமக்கு எதிராகப் பேசும். அதையும் ஏற்க மனம் வேண்டும், அண்ணா.

சாட்ஸ்வொர்த் தந்தை

அப்படி இருந்தால் எண்ணைக் காட்டட்டும், ஏற்றுக்கொள்கிறேன். காட்டாமல் சுழியம் நிறைந்துவிட்டது என்றால் எப்படி ஏற்பது? ஓர் இரவு முழுவதும் அவள் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தகப்பன். எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

வெருலம் சட்ட எழுத்தர்

ஐயா, கடிதத்தின் தேதி என்ன? உடனே சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் தந்தை

வருகிற வியாழனோடு ஐந்து மாதம் முடிகிறது.

வெருலம் சட்ட எழுத்தர்

அப்படியானால் பதவி உயர்வில் முறைகேடு என்று புகார் கொடுப்பதற்கான 90 நாள் போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கும்படி தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் நியாயமற்ற பாகுபாடு என்று வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்கீழ் செல்ல ஆறு மாதம் அவகாசம். உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது. 7.11 படிவத்தை நிரப்பித் தொழில் தகராறுகளுக்கான சமரச ஆணையத்தில் கொடுங்கள். சமரசம் நடக்காவிட்டால்தான் தொழிலாளர் நீதிமன்றம்.

அதற்கு முன் மகள் தன் துறையிடம் சமத்துவத் திட்டத்தின் நகலை எழுத்துமூலம் கேட்க வேண்டும். 25ஆம் பிரிவின்படி ஊழியருக்கு அதைப் பார்க்கவும் நகலெடுக்கவும் உரிமை உண்டு. அதில் மூன்றைப் பாருங்கள்: எந்த மக்கள்தொகை எண், எந்த இடத்தில் முழு எண்ணாக்கினார்கள், விலக்கு அளிக்கும் அதிகாரம் யாரிடம். விலக்கு கேட்கப்பட்டதா என்பது தனிக் கேள்வி. அதைப் பரிசீலிக்காமலே மறுத்திருந்தால் அவர்களின் திட்டம் தாளில் இலக்கு, நடப்பில் கோட்டா.

பீனிக்ஸ் தொழிற்சங்கத்தார்

திட்டம் தயாரிக்கும்போது சங்கங்களோடு கலந்து பேச வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கூட்டக் குறிப்புகள் மாகாணச் சங்க அலுவலகத்தில் இருக்கும். நாளைக் காலை நானே போய்க் கேட்கிறேன். சட்டத்துக்கு எதிராக ஒரு வரி மனுவில் இருந்தாலும் என் பெயரைச் சேர்க்காதீர்கள். அந்தச் சுழியத்துக்கு எதிராக என்றால் சாட்சிக் கூண்டிலும் ஏறுவேன்.

சாட்ஸ்வொர்த் தந்தை

இந்தச் சட்டம் ஒரு நாள் போக வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை, தம்பி. மனுவில் அதை எழுத மாட்டேன். மகளிடம் இப்போதுதான் பேசினேன். திட்டத்தின் நகலைக் கேட்டு இன்றே கடிதம் எழுதுகிறாள். வெருலத்தில் உங்கள் அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், அம்மா?